பெயரற்றிருந்த குற்றம்: இனவழிப்பின் வரலாறும் மனித உரிமைகளும்

மனித உரிமைகள் பற்றிப் பேசுவோர் யாவரும் 1948 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10 ஆம் நாளை நினைவுகூர்வர். மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நாள் அதுவாகும். அதற்கு முந்திய நாளில் அதே சபை, பாரிஸ் நகரின் அதே ஷையோ மாளிகையிற் கூடி, மற்றோர் ஆவணத்தையும் ஏற்றுக்கொண்டது என்பதை அறிந்தோர் குறைவு. இனவழிப்புக் குற்றத்தைத் தடுத்தலும் அதற்குத் தண்டனை விதித்தலும் பற்றிய சமவாயமே அவ்வாவணம். ஒரு நாள் இடைவெளியிற் பிறந்த இவ்விரண்டனுள் ஒன்று தனிமனிதனின் உரிமைகளை வகுத்துரைக்கின்றது. மற்றது மனிதக் கூட்டமொன்று கூட்டமாகவே நிலைத்து வாழும் உரிமையைக் காக்க முற்படுகின்றது. இவற்றைத் தனித்தனியே கற்பது வழக்கமாகிவிட்டது. ஆயின் ஒன்றை விடுத்து மற்றொன்றை விளங்கிக்கொள்ள இயலாது என்பதையே இனவழிப்பின் வரலாறு காட்டுகின்றது.

இவ்வரலாறு பெரும்பாலும் கொலையுண்டோர் தொகையின் வரலாறாகவே சொல்லப்படுகின்றது. தொகை இன்றியமையாததே. எனினும் கொலை அவ்வரலாற்றின் இறுதி அத்தியாயம் மாத்திரமே. அதற்கு முன்னுள்ள அத்தியாயங்கள் பதிவேட்டிலும், அடையாள அட்டையிலும், அரசாணையிலும், பாடநூலிலும், வானொலியிலும் எழுதப்பட்டவை. அவற்றை ஒழுங்காகப் படித்துக் காட்டிய முன்னோடி றபாயேல் லெம்கின் என்னும் போலந்து நாட்டு யூத சட்டவறிஞர். அவர் ஆக்கிய சொல் ஒன்று எவ்வாறு பிறந்தது, எவ்வாறு சட்டமாயிற்று, தேவைப்பட்ட வேளையில் எவ்வாறு கைவிடப்பட்டது என்பவற்றை ஆராய்வதால், மனித உரிமை பற்றிய சிந்தனைக்கு இனவழிப்பு வரலாறு தரும் பாடம் தெளிவாகும்.

பேர்லின் வழக்கும் ஒரு மாணவனின் வினாவும்

1915 ஆம் ஆண்டு ஏப்ரில் 24 ஆம் நாள் இரவு, ஒட்டோமன் பேரரசின் தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோப்பிளில், ஆர்மேனிய சமூகத்தின் எழுத்தாளர், ஆசிரியர், மருத்துவர், சட்டத்தரணிகள், குருமார் முதலிய இருநூற்றுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். சமூகத்திற்காகப் பேசக்கூடியோர் முதலிலே அகற்றப்பட்டனர். மே மாத இறுதியில் இடப்பெயர்ச்சி பற்றிய தற்காலிகச் சட்டமொன்று இயற்றப்பட்டது. போர்க்காலப் பாதுகாப்பே அதற்குக் கூறப்பட்ட காரணம். அச்சட்டத்தின் வாசகத்தில் ஆர்மேனியர் என்னும் பெயர்தானும் இடம்பெறவில்லை. ஆயினும் அனத்தோலியாவின் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டோர் ஆர்மேனியரே. ஆண்கள் பலர் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். பெண்களும் சிறுவரும் முதியோரும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டு, வழியிலும் டேர்-எஸ்-ஸோர் போன்ற இடங்களிலும் பசியாலும் நோயாலும் வாளாலும் மடிந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடும் நிலமும் 'கைவிடப்பட்ட சொத்து' என அரச பதிவேடுகளில் ஏறின. மாண்டோர் தொகை பத்து இலட்சம் அளவினதென்றோ அதனினும் மிகுதியென்றோ ஆய்வாளர் பலர் மதிப்பிடுவர். இந்நிகழ்வுகளை இனவழிப்பு என்று ஏற்கத் துருக்கிக் குடியரசு மறுத்தே வந்துள்ளது.

1915 மே 24 ஆம் நாளிலேயே பிரித்தானியா, பிரான்சு, ருஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் கூட்டறிக்கை ஒன்று விடுத்தன. நடப்பது மனித குலத்திற்கும் நாகரிகத்திற்கும் எதிரான குற்றம் என்றும், அதற்குக் காரணமானோர் நேரிற் பொறுப்புக் கூறவேண்டும் என்றும் அவ்வறிக்கை எச்சரித்தது. போர் முடிந்தபின் ஒட்டோமன் இராணுவ நீதிமன்றம் முன்னாள் உள்நாட்டமைச்சர் தலாத் பாஷாவுக்கு அவர் நாட்டில் இல்லாத நிலையிலே 1919 இல் மரணதண்டனை விதித்தது. 1920 ஆம் ஆண்டின் செவ்ர் உடன்படிக்கை, குற்றஞ் சாட்டப்பட்டோரை ஒப்படைக்கவேண்டுமென வகுத்தது. ஆனால் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. அதன் இடத்தைப் பெற்ற 1923 ஆம் ஆண்டின் லோசான் ஏற்பாடுகளில் தண்டனைக்குப் பதிலாகப் பொதுமன்னிப்பே இடம்பெற்றது. நீதி பற்றிய வாக்குறுதி எட்டே ஆண்டுகளில் மறக்கப்பட்டது.

இதற்கிடையில் 1921 மார்ச் 15 ஆம் நாள், பேர்லினில் வாழ்ந்துவந்த தலாத் பாஷாவைச் சொகோமோன் தெலீரியன் என்னும் ஆர்மேனிய இளைஞர் தெருவிலே சுட்டுக்கொன்றார். இது தனியொருவர் செயலன்று, ஆர்மேனிய இயக்கமொன்றின் திட்டப்படி நிகழ்ந்தது என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. ஜூன் மாதத்தில் இரண்டு நாள் நடந்த விசாரணையின்பின் பேர்லின் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் எனக் கண்டது.

அவ்வழக்கின் செய்தி, அந்நாளிற் போலந்துக்குரியதாயிருந்த லுவோவ் நகரப் பல்கலைக்கழகத்திற் பயின்ற லெம்கினைப் பெரிதும் பாதித்தது. தலாத் பாஷாவை ஏன் சட்டம் கைது செய்யவில்லை என்று தம் பேராசிரியரை வினவியதாக அவர் தமது நினைவுக் குறிப்புகளிற் கூறியுள்ளார். அதற்கான சட்டம் எதுவுமில்லை என்பதே பேராசிரியரின் விடை. கமக்காரன் ஒருவன் தன் கோழிகளைத் தானே கொன்றால் அது அவனுடைய அலுவல். அதிலே பிறர் தலையிட்டால் அத்துமீறிப் புகுந்தோர் ஆவர் என்று உவமையும் கூறினாராம். அரச இறைமை பற்றி அக்காலச் சட்டவறிஞர் கொண்டிருந்த கருத்து இவ்வுவமையில் அடங்கியுள்ளது. ஒருவனைக் கொன்றவன் கொலைஞன்; பத்து இலட்சம் பேரைக் கொல்வித்தவனைத் தண்டிக்கச் சட்டமில்லை. இம்முரண்பாடே லெம்கினின் வாழ்நாட் பணிக்கு வித்தாயிற்று.

சொல் பிறந்த வகை

1900 ஆம் ஆண்டு, ருஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த வொல்கொவிஸ்க் நகருக்கு அண்மையில், பண்ணையொன்றில் லெம்கின் பிறந்தார். 1906 இல் அயலிலுள்ள பியாலிஸ்ரொக்கில் யூதருக்கெதிரான கலகம் மூண்டபோது அவர் சிறுவர். மொழிகளிற் பேரார்வம் கொண்டிருந்த அவர் சட்டம் பயின்று வார்சோவில் அரசாங்க வழக்குத் தொடுநரானார். 1933 ஒக்டோபரில் மத்ரித் நகரிற் கூடிய சர்வதேசக் குற்றவியற் சட்ட மகாநாட்டுக்கு அவர் ஓர் அறிக்கை வரைந்தார். இன, சமய, சமூகக் கூட்டங்களை அழிக்க முற்படுதலை 'காட்டுமிராண்டித்தனம்' என்றும், அவற்றின் கலைச் செல்வங்களை அழித்தலைப் 'பண்பாட்டுச் சூறை' என்றும் வகுத்து, இவ்விரண்டையும் எந்நாட்டு நீதிமன்றமும் விசாரிக்கக்கூடிய குற்றங்களாக்க வேண்டும் என்பது அவர் முன்மொழிவு. அவர் மத்ரித் செல்லத் தம் அரசாங்கத்தின் இசைவைப் பெறவில்லை. அறிக்கை மாத்திரம் சென்றது, ஏற்கப்படவுமில்லை. அதே ஒக்டோபர் மாதத்திலேயே ஹிட்லரின் ஜேர்மனி சர்வதேச சங்கத்தினின்றும் விலகுவதாக அறிவித்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1939 செப்டெம்பரிற் போலந்து தாக்கப்பட்டதும் லெம்கின் வார்சோவை விட்டுத் தப்பி, லித்துவேனியா வழியாகச் சுவீடனை அடைந்தார். அங்கிருந்தபோது அவர் மேற்கொண்ட பணி வரலாற்று மாணவர் கருத்திற்கொள்ளத்தக்கது. ஜேர்மானியர் கைப்பற்றிய நாடுகளில் வெளியிட்ட ஆணைகள், கட்டளைகள், வர்த்தமானி அறிவித்தல்கள் ஆகியவற்றை அவர் திரட்டலானார். அவை இரகசிய ஆவணங்கள் அல்ல. யாவரும் அறிய அச்சிட்டு வெளியிடப்பட்டவை. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் சாதாரண நிர்வாக விடயமாகவே தோன்றும். லக்சம்பேர்க்கில் மக்கள் ஜேர்மானியப் பெயர்களைச் சூடவேண்டும் என்பது ஓர் ஆணை. போலந்தின் இணைக்கப்பட்ட பகுதிகளிற் போலந்தினர் மணம் புரிவதற்கு ஆளுநரின் அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. உணவுப் பங்கீடு இனத்துக்கு இனம் வேறுபட்டது. போலந்து இளைஞருக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டுத் தொழிற்பயிற்சி மாத்திரம் அனுமதிக்கப்பட்டது. இவையனைத்தையும் அருகருகே வைத்துப் படித்தபோதே அவற்றினூடாக ஓடிய ஒரே நோக்கத்தை லெம்கின் கண்டார்.

1941 இல் அவர் சோவியத் நாட்டையும் யப்பானையும் கடந்து அமெரிக்கா சேர்ந்தார். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் வானொலியிற் பேசிய பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில், தாம் பெயரற்ற ஒரு குற்றத்தின் முன்னிலையில் நிற்பதாகக் குறிப்பிட்டார். அக்குற்றத்துக்குரிய பெயர் 1944 ஆம் ஆண்டு நவெம்பரில், கைப்பற்றப்பட்ட ஐரோப்பாவில் அச்சு நாடுகளின் ஆட்சி பற்றி லெம்கின் வெளியிட்ட பெருநூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் தோன்றியது. இனம் அல்லது குலம் எனப் பொருள்படும் 'கெனொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லையும், கொல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் விகுதியையும் இணைத்து, 'ஜெனொசைட்' என்னும் சொல்லை அவர் ஆக்கினார்.

இச்சொல்லைத் தமிழில் இனக்கொலை, இனப்படுகொலை, இனவழிப்பு என மூவகையாக வழங்குவர். முன்னைய இரண்டும் கொல்லுதலையே முதன்மைப்படுத்துவன. லெம்கின் கருதியதோ அதனினும் விரிந்தது. ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வுக்கு அடிப்படையானவற்றைத் தகர்த்து அக்கூட்டத்தையே இல்லாதொழிக்கும் நோக்குடன் மேற்கொள்ளப்படும் பல்வேறு செயல்களின் ஒருங்கிணைந்த திட்டத்தையே அவர் அப்பெயராற் சுட்டினார். அரசியல், சமூகம், பண்பாடு, பொருளாதாரம், உயிர்ப் பெருக்கம், உடல் இருப்பு, சமயம், ஒழுக்கம் என எட்டுத் துறைகளில் அது நிகழ்வதாக அவர் வகுத்தார். எட்டனுள் ஒன்றே உடலைக் கொல்லுதல். ஆதலின் 'இனவழிப்பு' என்னும் சொல்லே அவர் கருத்துக்கு அணித்தானது எனலாம்.

சொல் சட்டமாதல்

1945 ஒக்டோபரில் நாசித் தலைவர்களுக்கெதிராக நியூரம்பேர்க்கில் தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரத்தில் இப்புதிய சொல் இடம்பெற்றது. ஆயின் 1946 இல் வழங்கப்பட்ட தீர்ப்பில் அது காணப்படவில்லை. அன்றியும், ஆக்கிரமிப்புப் போருடன் தொடர்புடைய செயல்களையே அந்நீதிமன்றம் மனித குலத்திற்கெதிரான குற்றங்களாகக் கொண்டது. 1933 முதல் 1939 வரை ஜேர்மன் அரசு தன் குடிமக்களான யூதருக்கு இழைத்தவை இதனால் தீர்ப்புக்கு அப்பாற்பட்டன. கமக்காரனின் கோழிகள் என்னும் உவமை முற்றாக மறையவில்லை. லெம்கின் தம் பெற்றோர் உட்படக் குடும்பத்தினர் 49 பேர் மாண்டனர் என்பதை அறிந்ததும் இக்காலத்திலேயே.

'மனித குலத்திற்கெதிரான குற்றங்கள்' என்னும் தொடரை நியூரம்பேர்க் சாசனத்தில் இடம்பெறச் செய்தவருள் முதன்மையானவர் ஹெர்ஷ் லௌட்டர்பாக்ட். அவரும் லுவோவ் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்ற யூதரே. ஒரே நகரில் உருவான இவ்விருவரும் ஒரே அழிவைக் கண்டு இருவேறு முடிவுகளுக்கு வந்தனர். சட்டம் காக்கவேண்டியது தனிமனிதனையே என்றார் லௌட்டர்பாக்ட். கூட்டத்தை முதன்மைப்படுத்தினால் கூட்டப் பகையே வலுப்பெறும் என அவர் அஞ்சினார். மனிதன் கொல்லப்படுவது அவன் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதற்காகவே ஆதலின் கூட்டத்தையே காக்கவேண்டும் என்றார் லெம்கின். 1948 டிசெம்பரின் இரு ஆவணங்களும் இவ்விரு நோக்குகளின் வெளிப்பாடுகள் எனக் கொள்ளத்தகும்.

நியூரம்பேர்க்கில் ஏமாற்றமடைந்த லெம்கின் ஐக்கிய நாடுகள் சபையை நாடினார். அரச பதவியோ அமைப்புப் பலமோ இன்றி, நாட்டுப் பிரதிநிதிகளைத் தாழ்வாரங்களிற் சந்தித்து வாதாடினார். கியூபா, இந்தியா, பனாமா ஆகிய மூன்று நாடுகள் முன்மொழிய, இனவழிப்பு சர்வதேசச் சட்டத்தின்படி குற்றமெனப் பொதுச்சபை 1946 டிசெம்பர் 11 ஆம் நாள் பிரகடனஞ் செய்தது. ஈராண்டு விவாதத்தின்பின் சமவாயம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. தேசிய, இன, மரபின, சமயக் கூட்டமொன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்குடன் செய்யப்படும் ஐவகைச் செயல்கள் அதன்படி இனவழிப்பாகும். உறுப்பினரைக் கொல்லுதல், அவர்களுக்குக் கடுமையான உடல், உள ஊறு விளைத்தல், அழிவைத் தரும் வாழ்க்கை நிலைமைகளைத் திட்டமிட்டுச் சுமத்துதல், பிறப்பைத் தடுத்தல், பிள்ளைகளைப் பலவந்தமாக வேறு கூட்டத்துக்கு மாற்றுதல் என்பன அவை. ஆட்சியாளராயினும் அலுவலராயினும் தனியாராயினும் தண்டனைக்குரியர். சமாதான காலத்தில் நிகழினும் அது குற்றமே.

எனினும் சட்டமாகும்போது கருத்துச் சுருங்கியது. அரசியற் கூட்டங்கள் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டன. பண்பாட்டழிப்புப் பற்றிய உறுப்புரை நீக்கப்பட்டது. குடியேற்ற நாடுகளை ஆண்டோரும், பழங்குடி மக்களைக் கொண்ட அரசுகளும், சோவியத் ஒன்றியமும் வெவ்வேறு உறுப்புரைகளைக் கண்டு வெவ்வேறு காரணங்களால் தயங்கினர். எட்டுத் துறைகளில் லெம்கின் கண்ட அழிவிற் பெரும்பகுதி சட்டத்தின் எல்லைக்கு அப்பாலாயிற்று.

சமவாயம் 1951 ஜனவரி 12 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெறுவதற்கு (1955) முன்னரே, 1950 ஒக்டோபரில் இலங்கை அதிற் சேர்ந்துகொண்டது. பிரித்தானியா 1970 இலும், ஐக்கிய அமெரிக்கா 1988 இலுமே இணைந்தன. லெம்கின் 1959 ஓகஸ்ற் 28 ஆம் நாள் நியூயோர்க்கில் வறுமையிற் காலமானார். அவரது இறுதிச் சடங்கிற் கலந்துகொண்டோர் மிகச் சிலரே.

அட்டையும் வானொலியும்

சமவாயத்தின் உண்மையான சோதனை 1994 இல் மத்திய ஆபிரிக்காவின் சிறு நாடாகிய ருவாண்டாவில் நேர்ந்தது. ஹுட்டு, துட்சி, துவா என்னும் பெயர்கள் அங்கு ஐரோப்பியர் வருமுன்னரும் வழங்கின. ஆயின் மூவரும் ஒரே மொழி பேசி, ஒரே ஊர்களில் வாழ்ந்தனர். ஹுட்டு, துட்சி என்னும் பிரிவு பெரிதும் ஆட்சி, மந்தைச் செல்வம், தொழில் என்பவற்றோடு தொடர்புற்றிருந்தது. 1863 இல் ஆங்கிலப் பிரயாணி ஜோன் ஹன்னிங் ஸ்பீக் எழுதிய நூல், இப்பிரதேசத்து ஆளுங் குலத்தினர் எதியோப்பியப் பக்கத்தினின்றும் வந்த உயரினத்தார் என ஊகித்தது. பின்வந்த குடியேற்ற ஆட்சியாளரும் மிஷனரிமாரும் அவ்வூகத்தை வரலாறாகப் பாடசாலைகளிற் புகட்டினர். 1930 களின் முற்பகுதியிற் பெல்ஜிய ஆட்சி குடிசனக் கணக்கெடுப்பு நடாத்தி, ஒவ்வொருவரும் எக்கூட்டத்தினர் என்பதைக் குறிக்கும் அடையாள அட்டைகளை வழங்கியது. நெகிழ்ச்சியோடிருந்த சமூகப் பிரிவு அட்டையில் உறைந்து, தந்தை வழிப் பிள்ளைக்கு இறங்கும் இனமாயிற்று.

துட்சி மேல்வகுப்பினரைத் தாங்கிநின்ற பெல்ஜியர் 1950 களின் இறுதியில் ஹுட்டுப் பெரும்பான்மையினர் பக்கம் சாய்ந்தனர். 1959 இல் வன்முறை மூண்டது. துட்சிகள் பலர் அயல்நாடுகளிற் புகலடைந்தனர். 1962 இற் சுதந்திரம் வந்தபின்னும் அட்டை ஒழிக்கப்படவில்லை. முன்னர் துட்சியை உயர்த்தப் பயன்பட்ட அதே 'வந்தேறிகள்' என்னும் கதை, இப்போது அவர்களை அந்நியராகத் தள்ளிவைக்கப் பயன்பட்டது. அகதிகளின் பிள்ளைகள் அமைத்த ருவாண்டா தேசபக்த முன்னணி 1990 ஒக்டோபரில் உகண்டாவிலிருந்து படையெடுத்ததும், நாட்டிலுள்ள துட்சிகள் யாவரும் பகைவருக்கு உடந்தையானோர் எனத் தூற்றப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பரிற் 'கங்குரா' என்னும் பத்திரிகை, துட்சிகளுடன் திருமண உறவும் வாணிப உறவும் கொள்ளலாகாது என ஹுட்டுகளுக்குப் பத்துக் கட்டளைகள் வெளியிட்டது. 1992 நவெம்பரில் லெயோன் முகெசேரா என்னும் அரசியல்வாதி, துட்சிகளை நியாபரொங்கோ ஆற்றின் வழியே எதியோப்பியாவுக்குத் திருப்பியனுப்பவேண்டும் என்ற கருத்துப்படப் பொதுக்கூட்டமொன்றிற் பேசினார். 1994 இல் அவ்வாறு பிணங்களைச் சுமந்து சென்றது. ஆங்கிலப் பிரயாணி ஒருவரின் ஊகம் நூற்றுமுப்பது ஆண்டுகளின்பின் கொலைக்கான வழிகாட்டலாயிற்று.

1993 ஜூலையில் ஆர்.ரி.எல்.எம். என்னும் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. இனிய இசையும் நகைச்சுவையும் கலந்த அதன் நிகழ்ச்சிகளை இளைஞர் விரும்பிக் கேட்டனர். துட்சிகளைக் கரப்பான்பூச்சி எனச் சுட்டும் வழக்கு அதன்மூலம் வீடுதோறும் புகுந்தது. 1994 ஏப்ரில் 6 ஆம் நாள் ஜனாதிபதி ஹபியரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் கொலை தொடங்கியது. வீதித்தடைகளில் அட்டையைக் காட்டுமாறு கேட்கப்பட்டது. அதிலே துட்சி என்றிருந்தால் மரணம். அபயம் தேடியோர் கூடிய தேவாலயங்களும் பாடசாலைகளும் கொலைக்களங்களாயின. கொலையை எதிர்த்த ஹுட்டுகளும், பெண் பிரதமர் அகத்தே உவிலிங்கியிமானா உட்படக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ நூறு நாட்களில் மாண்டோர் எட்டு இலட்சம் என ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. பத்து இலட்சத்துக்கு மேல் என்பது ருவாண்டா அரசின் கணக்கு.

சொல்லைத் தவிர்த்தோர்

இவ்வழிவு எவரும் எதிர்பாராத வகையில் வந்ததன்று. ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் தளபதி ரொமெயோ டலேர் 1994 ஜனவரி 11 ஆம் நாளே நியூயோர்க் தலைமையகத்துக்குத் தந்தி அனுப்பியிருந்தார். ஆயுதங்கள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன என்றும், கிகாலி நகரத் துட்சிகளின் பெயர்கள் பதியப்பட்டு வருகின்றன என்றும், அது அவர்களைக் கொல்வதற்காகவே எனத் தகவல் தந்தவர் ஐயுறுகின்றார் என்றும் அதிற் கண்டிருந்தது. ஆயுதங்களைக் கைப்பற்ற அவர் முற்பட்டபோது தலைமையகம் தடுத்தது. ஏப்ரில் 7 ஆம் நாள் பெல்ஜிய வீரர் பத்துப்பேர் கொல்லப்பட, பெல்ஜியம் தன் படையை மீட்டுக்கொண்டது. ஏப்ரில் 21 ஆம் நாள், கொலை உச்சத்தில் இருந்த வேளையில், சுமார் 2,500 பேர் கொண்ட அமைதிப்படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. கொலையை நடாத்திய அரசின் பிரதிநிதியே அவ்வாண்டில் அச்சபையின் உறுப்பினருள் ஒருவராக அமர்ந்திருந்தார்.

ஏப்ரில் 30 ஆம் நாள் பாதுகாப்புச் சபைத் தலைவர் விடுத்த அறிக்கை இவ்விடத்தில் நுணுகி நோக்கத்தக்கது. இனக்கூட்டமொன்றை அழிக்கும் நோக்குடன் அதன் உறுப்பினரைக் கொல்லுதல் சர்வதேசச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது என அது கூறியது. அஃதாவது சமவாயத்தின் வரைவிலக்கணத்தை அது எடுத்தாண்டது. அதற்குரிய பெயரை மாத்திரம் சொல்லவில்லை. இனவழிப்பு என ஒப்புக்கொண்டால் ஏதேனும் செய்யவேண்டிய கடப்பாடு நேரலாம் என அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தில் அந்நாட்களில் எழுதப்பட்ட குறிப்பொன்று எச்சரித்தது. அமெரிக்கப் பேச்சாளரும் வாரக்கணக்காக 'இனவழிப்புச் செயல்கள்' என்னும் தொடருக்குள் ஒதுங்கி நின்றனர். அரசுகளைச் செயற்படத் தூண்டுவதற்கென லெம்கின் ஆக்கிய சொல், செயற்படாதிருக்கும்பொருட்டு அரசுகள் தவிர்க்கும் சொல்லாயிற்று. 1921 இற் சட்டம் இல்லையென்பது காரணம். 1994 இற் சட்டம் உண்டென்பதே தயக்கத்துக்குக் காரணமாயிற்று.

தீர்ப்புகளும் பாடங்களும்

1994 நவெம்பரிற் பாதுகாப்புச் சபை ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றை நிறுவியது. தன்சானியாவின் அருஷா நகரிற் கூடிய அந்நீதிமன்றம், தபா என்னும் ஊரின் நகரபிதாவாயிருந்த ஜோன் போல் அகயெசுவை 1998 செப்டெம்பர் 2 ஆம் நாள் குற்றவாளி எனத் தீர்த்தது. சமவாயம் பிறந்து ஐம்பதாண்டுகள் நிறைவெய்தும் வேளையில், சர்வதேச நீதிமன்றமொன்று இனவழிப்புக்காக வழங்கிய முதலாவது தண்டனைத் தீர்ப்பு அதுவே. கூட்டமொன்றை அழிக்கும் நோக்குடன் இழைக்கப்படும் பாலியல் வன்முறையும் இனவழிப்பாகும் என்பது அதன் பெரும் பேறு. அதனை வழங்கிய மூன்று நீதிபதிகளுள் ஒருவர், தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தவரும், பின்னர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர் ஆணையாளராக விளங்கியவருமான நவநீதம் பிள்ளை.

மொழியும் பண்பாடும் ஒன்றாயிருக்கத் துட்சிகள் தனி இனக்கூட்டத்தினர் ஆவரோ என்னும் வினா அவ்வழக்கில் எழுந்தது. அவர்கள் நிலைபேறான ஒரு கூட்டத்தினராகக் கருதப்பட்டனர் என்பதற்கு நீதிமன்றம் கண்ட சான்றுகளுள் ஒன்று, அரசு வழங்கிய அடையாள அட்டை. பிரிவை ஆக்கிய கருவி கொலைக்கும் கருவியாகி, இறுதியில் நீதிக்குச் சான்றாகவும் அமைந்தது. முதற்படியிலே அதனை மறுக்க எவரும் இருந்திலர் என்பதே வரலாறு சுட்டும் குறை.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடங்கள் மூன்று. முதலாவது, இனவழிப்பு திடீரென வெடிக்கும் பழம்பகை அன்று, படிப்படியாக ஆக்கப்படுவது. பெயர் சூட்டல், பதிவு செய்தல், தொழிலும் கல்வியும் மறுத்தல், தலைவரை அகற்றல், இழிபெயரால் அழைத்தல் என்பன அப்படிகள். ஒவ்வொரு படியிலும் மீறப்படுவது உலகப் பிரகடனம் கூறும் சாதாரண உரிமை ஒன்று. ஆதலின் பேச்சுரிமை, கல்வியுரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் ஆகியவற்றைக் காத்தலே இனவழிப்பைத் தடுத்தலின் முதற்பணி. லௌட்டர்பாக்டும் லெம்கினும் இவ்விடத்திற் சந்திக்கின்றனர்.

இரண்டாவது, பெயர் உறுதிப்படும்வரை காத்திருத்தல் அழிவு முற்றுப்பெறும்வரை காத்திருத்தலாகும். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிற்சாவில் 1995 ஜூலையிற் சுமார் எட்டாயிரம் ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டமை பற்றிச் சர்வதேச நீதிமன்றம் 2007 இல் வழங்கிய தீர்ப்பு இதனைச் சட்டமாக்கியுள்ளது. அவ்வினவழிப்பைத் தடுக்கும் கடமையிற் சேர்பியா தவறியதாக அது கண்டது. இனவழிப்பு நிகழும் பாரிய அபாயம் உண்டென ஓர் அரசு அறிந்த அல்லது அறிந்திருக்கவேண்டிய கணத்திலேயே தடுக்கும் கடமை பிறக்கின்றது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது பாடம் பல்கலைக்கழகங்களை நேரே நோக்கியது. ஆர்.ரி.எல்.எம். வானொலியை நிறுவியோருள் ஒருவரான பேர்டினண்ட் நஹிமானா, ருவாண்டாத் தேசியப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். 2003 இல் அருஷா நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. மேன்முறையீட்டிற் சில குற்றச்சாட்டுகள் நீங்கியபோதும், இனவழிப்புக்கு நேரடியாகவும் வெளிப்படையாகவும் தூண்டிய குற்றம் நிலைநாட்டப்பட்டது. முகெசேராவும் பல்கலைக்கழக ஆசிரியரே. அவருக்கு 2016 இல் ருவாண்டா நீதிமன்றம் ஆயுட்தண்டனை விதித்தது. கல்வி தன்னளவிற் காப்பாகாது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டியதில்லை. தம் அயலவரின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு கற்பிப்பது என்பது உயிர்களோடு தொடர்புடைய பொறுப்பு.

லுவோவ் நகர வகுப்பறையிற் பேராசிரியர் கூறிய விடை அக்காலச் சட்டத்தின்படி சரியானதே. மாணவன் அதனை எழுதிக்கொண்டு அமைதியடைந்திருப்பின் அவனைக் குறைகூறுவார் எவருமிலர். அவ்விடை போதாது என அவன் கருதியமையாலேயே ஒரு குற்றத்துக்குப் பெயரும் சட்டமும் கிடைத்தன. அச்சட்டத்தைப் படிகள் தொடங்கும் இடத்திலேயே பயன்படுத்தும் பணி இன்னும் முடிவுறவில்லை.